நூலகம் பூட்டியிருந்த நாளுக்கு அபராதம் உண்டா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

திருவண்ணாமலையில இருந்து பேசுறேன். புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி அறிமுகம்: வார நாள்ல மென்பொருள் எழுதுறது என் வேலை, வாரக் கடைசியில இந்த மைக் முன்னாடி உட்கார்றது என் ஆசை. நம்ம அன்றாட வாழ்க்கைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கணக்குகளை எடுத்துப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் இந்த நிகழ்ச்சி.

இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி ரொம்பச் சின்னது. நம்ம மாவட்டத்துல ஒரு கல்லூரி நூலகத்துல வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்டது. "தம்பி, புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதியில நூலகமே திறக்கலைன்னா என்ன பண்றது? மழைன்னு திடீர்னு லீவு விட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் மட்டும் அபராதம் போட்டுட்டே இருக்கு."

கேட்டதும் "இதுல என்ன இருக்கு, அபராதத்தை அழிச்சுட்டாப் போச்சு"ன்னுதான் தோணும். உள்ளே இறங்கிப் பார்த்தா, தேதின்னா என்ன, விடுமுறைன்னா என்ன, அபராதமே எதுக்கு, இது எல்லாத்தையும் கேட்க வேண்டியிருக்கு. ஒண்ணொண்ணா போகலாம்.

விடுமுறைன்னா யாருக்கு விடுமுறை?

கார்த்திகை தீபத்துக்கு நம்ம மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க. அந்தச் செய்திக்குறிப்பைக் கடைசி வரைக்கும் படிச்சிருக்கீங்களா? எந்த மாவட்டத்து உள்ளூர் விடுமுறையா இருந்தாலும் அதுல வழக்கமா ஒரு வரி வரும்: இந்த விடுமுறை, செலாவணி முறிச் சட்டம் 1881இன் கீழ் வராது. அதாவது பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் லீவு. வங்கிக்கு இல்லை. கருவூலம் குறைந்த ஆட்களோட இயங்கும். அந்த நாளை ஈடுகட்ட வேற ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிடும்.

மழை விடுமுறை இன்னொரு வகை. காலையில ஆறு மணிக்கு நாம டிவியில தேடுற அந்த அறிவிப்பு, பள்ளி கல்லூரிகளுக்கானது. ஊர்ல இருக்கிற கிளை நூலகத்துக்கும் சேர்த்துச் சொன்னதா அது ஆகாது. அன்னைக்குக் கல்லூரி நூலகம் பூட்டியிருக்கும், தெரு முனை நூலகம் திறந்திருக்கும். வார விடுமுறையும் இப்படித்தான். நம்ம ஊர் கிளை நூலகங்களுக்குப் பொதுவா வெள்ளிக்கிழமை லீவு. கல்லூரிக்கு ஞாயிறு.

அப்புறம் மூணாவது வகை, யாரும் எதிர்பார்க்காதது. 2016 டிசம்பர் 5ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். மறுநாள் பொது விடுமுறை, கல்வி நிறுவனங்களுக்கு மூணு நாள் விடுமுறை. அடுத்த வாரமே, 12ஆம் தேதி, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள்ள சென்னையில ஒரு புத்தகத்துக்குத் தவணை முடிஞ்சிருந்தா, அதை எடுத்தவர் எந்த நாள்ல போய்த் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்னு யோசிச்சுப் பாருங்க. 2020 மார்ச் கடைசியில வந்த ஊரடங்கைப் பத்திச் சொல்லவே வேண்டாம். 14 நாளுக்கு எடுத்த புத்தகம் மாசக்கணக்கா வீட்டு அலமாரியிலேயே இருந்துச்சு.

ஆக, முதல் பாடம்: "விடுமுறை"ங்கிற ஒரே சொல்லுக்குள்ள மூணு பொருள் இருக்கு. வருஷ ஆரம்பத்துலயே தெரிஞ்சது, முந்தின நாள் தெரிஞ்சது, நடந்து முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது. நம்ம சிக்கல் முழுக்கக் கடைசி ரெண்டுல இருக்கு.

2024 டிசம்பர்

நம்ம ஊருக்கு இது வெறும் கணக்கு இல்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மலையில இருந்து மண்ணும் பாறையும் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டை மூடிடுச்சு. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போயிட்டாங்க. அதே இரவு சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல தண்ணி திறந்தாங்க. தென்பெண்ணைக் கரையில இருந்தவங்க கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினாங்க. 4ஆம் தேதி அண்ணாமலையார் கோயில்ல தீபத் திருவிழாக் கொடியேற்றம். 13ஆம் தேதி மகா தீபம். மலை ஈரமா, நிலையில்லாம இருந்ததால அந்த வருஷம் பக்தர்கள் மலை ஏற அனுமதி இல்லை.

இவ்வளவுக்கும் நடுவுல எங்கோ ஒரு சர்வர் மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து, தவணை கடந்த புத்தகங்களைப் பட்டியல் போட்டு, ஆளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிட்டு, திரும்பத் தூங்கப் போயிருக்கு.

அப்படி ஒரு செய்தி வாங்கின ஒரு மாணவியைத் தெரியும். எந்தக் கல்லூரின்னு சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அவங்க வீட்டுல ரேஷன் கார்டு, ஆதார், மதிப்பெண் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில கட்டிப் பரண்ல போட்டிருக்காங்க. அதே பையில நூலகத்தோட மூணு புத்தகத்தையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க. சாலை சரியாகி, பஸ் வந்து, கல்லூரிக்குக் கொண்டு வந்து நீட்டினப்போ திரையில வந்தது "10 நாள் தாமதம், 30 ரூபாய்". புத்தகத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு ரூபாய்.

முப்பது ரூபாய் பெரிய தொகையான்னு கேட்கலாம். தொகை அங்க பிரச்சினையே இல்லை. அதைக் கட்டுற வரைக்கும் அடுத்த புத்தகம் எடுக்க முடியாம கணக்கு முடங்கி நிக்கும். செமஸ்டர் தேர்வு வருது. கடைசி வருஷம்னா நூலகத்துல "நோ டியூ" கையெழுத்து இல்லாம டிசி கையில வராது. எல்லாத்தையும் விட, வெள்ளத்துல புத்தகத்தைக் காப்பாத்தின ஒருத்தரைப் பார்த்து ஒரு நிறுவனம் "நீ தவறிட்டே"ன்னு சொல்லுது. கவுண்டர்ல இருந்தவருக்கும் அது சங்கடம்தான். ஆனா அவர் கையில அதை நீக்குற அதிகாரம் இல்லை. நீக்கினா தணிக்கையில கேட்பாங்கங்கிற பயமும் இருந்துச்சு. இந்தச் சங்கடம் எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம்.

பெட்டியில இருந்த அட்டை

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி நம்ம நூலகங்கள் பலதுல இருந்தது பிரவுன் முறை. 19ஆம் நூற்றாண்டோட கடைசியில நினா பிரவுன்னு ஒரு அமெரிக்க நூலகர் கொண்டு வந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் பை மாதிரி ஒரு டிக்கெட். புத்தகம் எடுத்தா, அந்த அட்டையை உங்க டிக்கெட்டுக்குள்ள செருகி, நீளமான ஒரு மரப்பெட்டியில வைப்பாங்க. பெட்டிக்குள்ள தவணைத் தேதி வாரியா அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் முன்னாடி அந்தத் தேதி எழுதின ஒரு தடுப்பு அட்டை நிக்கும்.

இப்போ திடீர்னு மூணு நாள் லீவுன்னு வெச்சுக்கங்க. 2ஆம் தேதி தவணை முடியுற 80 புத்தகம் இருக்கு. நூலகர் 80 அட்டையையும் தொட வேண்டாம். முன்னாடி நிக்கிற தடுப்பு அட்டையை உருவிட்டு, வேற தேதி எழுதின அட்டையைச் செருகினாப் போதும். எண்பது பேரோட தவணையும் ஒரே அசைவுல மாறிடும். நான் இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டப்போ அசந்துட்டேன். நாங்க தரவுதளத்துல பண்ண நினைக்கிறதை மரப்பெட்டியில எப்பவோ பண்ணிட்டாங்க.

ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. புத்தகத்தோட உள்பக்கத்துல ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டுல ரப்பர் ஸ்டாம்ப் பழைய தேதியைத்தான் காட்டும். புத்தகம் வாசகர் வீட்டுல இருக்கு, அதைப் போய்த் திருத்த முடியாது. ஒரே உண்மைக்கு ரெண்டு நகல், ஒண்ணு மாறிடுச்சு, இன்னொண்ணு மாறலை. எங்க தொழில்ல தினம் தினம் மண்டையை உடைக்கிற பிரச்சினை இதுதான். அந்தக் காலத்துல இதுக்கு இருந்த தீர்வு, கவுண்டர்ல உட்கார்ந்திருந்த மனுஷர். சீட்டைப் பார்ப்பார், "ஓ, மழை அன்னைக்கா"ன்னு சொல்லிட்டு வாங்கி வெச்சுக்குவார். கம்ப்யூட்டருக்கு மாறினப்போ நாம மரப்பெட்டியை மாத்தினோம். அந்த "ஓ, மழை அன்னைக்கா"வை எடுத்துக்கிட்டு வர மறந்துட்டோம்.

மென்பொருள் எங்க தடுக்குது

உதாரணத்துக்குக் கோஹாவை எடுத்துக்குவோம். திறந்த மூல நூலக மென்பொருள், இந்தியாவுல நிறையக் கல்லூரிகள்ல இருக்கு. இது பிறந்த கதையே தேதிப் பிரச்சினைதான். நியூசிலாந்துல ஹொரோவெனுவாங்கிற ஊர் நூலகத்தோட பழைய மென்பொருள் 2000ஆம் வருஷத்தைத் தாங்காதுன்னு தெரிஞ்சதும், 1999இல் புதுசா எழுதி, 2000 ஜனவரியில ஓட விட்டாங்க. மாவோரி மொழியில கோஹான்னா கொடை. பேருக்கு ஏத்த மாதிரி உலகத்துக்கே இலவசமாக் கொடுத்துட்டாங்க.

அதுல ஒரு நாட்காட்டி இருக்கு. நூலகம் என்னென்னைக்கு மூடியிருக்கும்னு அதுல குறிச்சு வைக்கலாம். தவணைத் தேதி எப்படிக் கணக்கிடணும்னு நாலு வழியில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். நவம்பர் 18, திங்கட்கிழமை ஒருத்தர் 14 நாளுக்குப் புத்தகம் எடுக்கிறார். ஞாயிறு வார விடுமுறை. டிசம்பர் 2, 3, 4 மூணு நாளும் நூலகம் மூடல்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம்.

முதல் வழி: நாட்காட்டியைப் பார்க்காதே. தவணை டிசம்பர் 2.

இரண்டாவது: திறந்திருக்கிற நாளை மட்டும் எண்ணு. ஞாயிறுகளையும் அந்த மூணு நாளையும் விட்டுட்டு எண்ணினா டிசம்பர் 7.

மூணாவது: சாதாரணமா எண்ணு, கடைசி நாள் மூடியிருந்தா அடுத்துத் திறக்கிற நாளுக்குத் தள்ளு. டிசம்பர் 5.

நாலாவது: கடைசி நாள் மூடியிருந்தா அடுத்த வாரம் அதே கிழமைக்குத் தள்ளு. டிசம்பர் 9, திங்கள்.

நாலுமே நியாயமான வழிகள்தான். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? புத்தகம் எடுத்தது நவம்பர் 18. புயல் வரும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. நாட்காட்டியில டிசம்பர் 2 சாதாரண வேலை நாள். அதனால மென்பொருள் மூணாவது வழியிலகூட டிசம்பர் 2னுதான் போட்டு வெச்சிருக்கும். புயல் வந்த பிறகு நீங்க நாட்காட்டியைத் திருத்தினா, இனிமேல் எடுக்கிற புத்தகங்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே வெளியே போன புத்தகத்தோட தவணை, எடுத்த நொடியில கணக்கிட்டு எழுதி வெச்ச ஒரு எண். அது தானா மாறாது.

நிறையப் பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. "நாட்காட்டியில லீவு போட்டுட்டேனே, இன்னும் ஏன் அபராதம் வருது?" முன்கூட்டியே தெரிஞ்ச விடுமுறைக்குத்தான் நாட்காட்டி உதவும். திடீர் மூடலுக்கு வேற கருவி வேணும்: குறிப்பிட்ட ரெண்டு தேதிக்கு நடுவுல தவணை முடியுற எல்லாப் புத்தகத்துக்கும் மொத்தமாத் தேதியைத் தள்ளிப் போடுற வசதி. உலகம் முழுக்க நூலகங்கள் பூட்டிக் கிடந்த 2020இல்தான் கோஹாவுல இதுக்குன்னே ஒரு கருவி வந்துச்சு. நம்ம பழைய தடுப்பு அட்டை மறுபடி பிறந்துடுச்சுன்னு சொல்லலாம்.

அந்த ஒரு நாள் பிசகு

சரி, தவணையை மாத்தாம, அபராதத்துல மட்டும் மூடின நாளைக் கழிச்சாப் போதாதா? எந்த மென்பொருளா இருந்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை கையால போட்டுப் பாருங்க.

தவணை டிசம்பர் 2. அன்னைக்கு மூடல். 3, 4 மூடல். 5ஆம் தேதி காலையில கதவு திறந்ததும் முதல் ஆளா வந்து புத்தகத்தை நீட்டுறார். தவணைக்குப் பிறகு மூணு நாள் ஆச்சு: 3, 4, 5. மூடின நாள் 3, 4. கழிச்சா மிச்சம் ஒரு நாள். ஒரு ரூபாய் அபராதம். கணக்கு சரிதான், நியாயம்தான் தப்பு. ஏன்னா தவணை நாளே மூடியிருந்துச்சு. அவருக்குக் கிடைச்ச முதல் வாய்ப்பே 5ஆம் தேதிதான்.

அதனால ரெண்டும் வேணும். தவணை நாள் மூடலுக்குள்ள விழுந்தா, தவணையையே தள்ளணும். தவணை முன்னாடியே முடிஞ்சிருந்தா, மூடின நாளை மட்டும் அபராதத்துல கழிக்கணும். நவம்பர் 25இல் தர வேண்டியதைத் தராம வெச்சிருந்தவருக்கு அதுவரைக்கும் ஆன தாமதம் தாமதம்தான், மழை அதை அழிக்காது. ஆனா மூடியிருந்த மூணு நாளை அவர் தலையிலயும் கட்டக் கூடாது.

சட்டம் இதை முன்னாடியே யோசிச்சிருக்கு

இந்தக் கேள்வியைச் சட்டம் எப்பவோ கேட்டுப் பதிலும் எழுதி வெச்சிருக்கு. ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 1897, பிரிவு 10. மத்தியச் சட்டம் ஒண்ணு, ஒரு நீதிமன்றத்துலயோ அலுவலகத்துலயோ இந்த நாளுக்குள்ள இதைச் செய்யணும்னு சொல்லி, கடைசி நாள்ல அந்த இடம் மூடியிருந்தா, அடுத்துத் திறக்கிற நாள்ல செஞ்சாலே உரிய காலத்துல செஞ்சதா எடுத்துக்கணும். லிமிட்டேஷன் ஆக்ட், 1963, பிரிவு 4 வழக்குத் தொடுக்கிறதுக்கும் இதையே சொல்லுது. இந்தப் பிரிவுகள் கல்லூரி நூலகத்தை நேரடியாக் கட்டுப்படுத்தாது. ஆனா அதுக்குள்ள இருக்கிற நியாயத்தை நாம எடுத்துக்கலாம்: செய்ய முடியாத ஒண்ணைச் செய்யலைன்னு ஒருத்தரைக் குற்றம் சொல்லக் கூடாது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் இருக்கு. முன்னாடி சொன்ன அதே செலாவணி முறிச் சட்டம், பிரிவு 25. கடன் பத்திரம் முதிர்வடையுற நாள் பொது விடுமுறையா இருந்தா, அதுக்கு முந்தின வேலை நாளே கெடு. பின்னாடி போகாது, முன்னாடி வரும். தீபாவளிக்கு லீவுன்னா முந்தின நாளே வந்து கொடுத்துடுன்னு சொல்றது நடக்கிற காரியம், ஏன்னா தீபாவளி எப்போன்னு எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வந்த பிறகு "நேத்தே வந்து கொடுத்திருக்கணும்"னு சொல்ல முடியுமா? முன்கூட்டித் தெரிஞ்ச விடுமுறைக்கு எந்தப் பக்கம் வேணும்னாலும் விதி வைக்கலாம். திடீர் மூடலுக்குப் பின்னாடி தள்ளுறது ஒண்ணுதான் வழி.

எவ்வளவு தள்றது? அதுக்கும் ஒரு முன்மாதிரி இருக்கு. கொரோனா நேரத்துல, 2020 மார்ச் 23 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து, மார்ச் 15இல் இருந்து வழக்குகளுக்கான காலக்கெடுவை நீட்டிச்சது. கடைசியா 2022 ஜனவரி 10ஆம் தேதி ஆணையில, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள காலத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அதோட விடலை. அந்த இடைவெளியில கெடு முடிஞ்சவங்களுக்கு 2022 மார்ச் 1இல் இருந்து 90 நாள் அவகாசம் கொடுத்தாங்க. கதவு திறந்த அன்னைக்கே எல்லாரும் வந்து நிக்க முடியாதுங்கிறது நீதிமன்றத்துக்குப் புரிஞ்சிருக்கு.

நூலகம் திறந்த நாள் வேற, வாசகர் வர முடிஞ்ச நாள் வேற. டிசம்பர் 5 கதவு திறந்திருக்கலாம். பாலம் உடைஞ்ச ஊர்ல இருக்கிறவருக்கு அது இன்னும் திறக்கலை.

அபராதம் எதுக்கு?

இப்போ அடிப்படைக் கேள்வி. நூலகத்துக்கு அபராதமே எதுக்கு?

வருமானத்துக்கு இல்லை. பொது நூலகத்துக்கு நாம ஏற்கெனவே பணம் கட்டிட்டுத்தான் இருக்கோம். உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் அன்றைய சென்னை மாகாணத்துல வந்த பொது நூலகச் சட்டம்தான் இதுக்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம் அது. அதுக்குப் பின்னாடி இருந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாரா இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகம் படிக்கிற எல்லாரும் படிக்கிறாங்க. புத்தகம் பயன்படுறதுக்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். இதுதான் அந்த ஐந்தோட சாரம்.

தவணைத் தேதிக்குக் காரணம் இந்த விதிகளுக்குள்ளேயே இருக்கு. ஒரு புத்தகத்துக்காக அடுத்த வாசகர் காத்திருக்கிறார். அவருக்காகத்தான் உங்ககிட்ட "14 நாள்ல கொடுத்துடுங்க"ன்னு கேட்கிறாங்க. நூலகம் பூட்டியிருக்கும்போது அந்த அடுத்த வாசகரும் உள்ளே வர முடியாது. ஆக, அந்த நாள்ல புத்தகம் உங்க வீட்டுல இருக்கிறதால யாருக்கும் எதுவும் குறையலை. யாருக்கும் இழப்பு இல்லாத நாளுக்கு அபராதம் வாங்கினா, அது வெறும் வசூல்.

இன்னும் ஒரு படி மேல போனவங்களும் இருக்காங்க. சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமத அபராதத்தையே எடுத்துடுச்சு. 2021 அக்டோபர்ல நியூயார்க் நகரத்தோட மூணு பொது நூலக அமைப்புகளும் எடுத்தாங்க. புத்தகத்தைத் தொலைச்சா அதுக்கான விலை உண்டு, தாமதத்துக்குத் தண்டம் இல்லை. அபராதத்துக்குப் பயந்து நூலகத்துப் பக்கமே வராமப் போறவங்கள்ல ஏழைங்கதான் அதிகம்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. நம்ம ஊர்ல அப்படி எடுக்கணுமா வேண்டாமாங்கிறது தனி விவாதம். காத்திருக்கிற அடுத்த வாசகரை நினைச்சா ஒரு சின்ன அபராதம் இருக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா பூட்டின கதவுக்கு வேண்டாம்.

நூலகருக்கு ஒரு செயல் பட்டியல்

சரி, கேள்வி கேட்டவருக்கு நேரடியாப் பதில். திடீர்னு மூடினா இந்த வரிசையில செய்யுங்க.

ஒண்ணு. முதல் வேலையா, தானா போற தாமதக் குறுஞ்செய்தியை நிறுத்துங்க. அபராதக் கணக்கு கொஞ்சம் பொறுக்கும், அதைப் பிறகு திருத்திக்கலாம். அனுப்பின செய்தியைத் திரும்ப வாங்க முடியாது.

ரெண்டு. நிறுத்தின இடத்துல வேற ஒரு செய்தி அனுப்புங்க. "நூலகம் மூடியிருக்கிறது. புத்தகம் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். இந்த நாட்களுக்கு அபராதம் இல்லை." அவ்வளவுதான். இதைச் சொல்லலைன்னா யாராவது மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து பூட்டைப் பார்த்துட்டுத் திரும்புவாங்க. இல்லைன்னா வராந்தாவுல வெச்சுட்டுப் போவாங்க, புத்தகம் ஊறிப் போகும்.

மூணு. நாட்காட்டியில மூடின நாளைக் குறிங்க. காரணத்தையும் எழுதுங்க. "மழை, ஆட்சியர் அறிவிப்பு"ன்னு நாலு வார்த்தை போதும். ஆறு மாசம் கழிச்சு யாராவது கேட்டா அதுதான் சாட்சி.

நாலு. மூடின காலத்துக்குள்ள தவணை முடியுற எல்லாத்தையும் மொத்தமாத் தள்ளுங்க. திறக்கிற நாளுக்கே தள்ளாதீங்க. ஐநூறு பேர் ஒரே நாள்ல வந்து நிப்பாங்க. குறைஞ்சது ஒரு வாரம் கழிச்சு வெய்ங்க.

அஞ்சு. திறந்த பிறகு முதல் ரெண்டு மூணு நாள்ல தவணை முடியுறவங்களையும் சேர்த்துத் தள்ளுங்க. ரோடு சரியாக அவங்களுக்கும் நேரம் வேணும்.

ஆறு. மத்த தேதிகளை மறக்காதீங்க. முன்பதிவு பண்ணின புத்தகம் வந்து எடுத்துக்க ஒரு கெடு இருக்கும். உறுப்பினர் காலம் முடியுற தேதி இருக்கும். அதெல்லாமும் அதே மூணு நாள்ல காலாவதி ஆகியிருக்கும்.

ஏழு. ஏற்கெனவே விழுந்த அபராதத்தை ஒவ்வொண்ணாக் கையால அழிக்காதீங்க. முதல்வர்கிட்ட ஒரு பக்கக் குறிப்பு வெச்சு, "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விழுந்த அபராதம் தள்ளுபடி"ன்னு ஒரே ஆணை வாங்கி, மொத்தமா நீக்குங்க. ஆணை கோப்புல இருந்தா தணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். முக்கியமா, கேட்டவங்களுக்கு மட்டும் தள்ளுபடின்னு வைக்காதீங்க. கேட்கத் தெரிஞ்சவங்க தப்பிச்சுக்குவாங்க, கூச்சப்படுறவங்க கட்டிட்டுப் போயிடுவாங்க.

இதுல எதுவும் புயல் அடிக்கும்போது யோசிக்கிற காரியம் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கும். செப்டம்பர்லயே அரைப் பக்கத்துல ஒரு விதி எழுதி நூலகக் குழுவுல ஒப்புதல் வாங்கிடுங்க. "முன்னறிவிப்பின்றி நூலகம் மூடப்பட்டால், அந்நாட்களுக்கு அபராதம் இல்லை, அக்காலத்தில் முடியும் தவணைகள் மீண்டும் திறந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு நீட்டிக்கப்படும்." ரெண்டு வரி. இது எழுத்துல இருந்தா, கவுண்டர்ல இருக்கிறவர் யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம், மாணவியும் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்.

என் மாதிரி மென்பொருள் எழுதுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தேதியைக் கணக்கிட்டு எழுதி வைக்கும்போது, அது எந்த விதியில இருந்து வந்துச்சுங்கிறதையும் கூடவே எழுதி வெய்ங்க. விதி மாறினா மறுபடி கணக்கிட வழி இருக்கணும். சோதனைப் பட்டியல்ல "தவணை நாளே மூடியிருந்தால்"னு ஒரு வரி சேருங்க. அந்த ஒரு ரூபாய்ப் பிசகு அப்போதான் மாட்டும். அப்புறம், நீக்குற பொத்தானை யார் கையில கொடுக்கிறதுன்னு யோசிங்க. வாசகரோட முகத்தைப் பார்க்கிறவர் கவுண்டர்ல இருக்கிறவர்தான். அவர் கையைக் கட்டிப் போடுற மென்பொருளை நல்ல மென்பொருள்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க ஊர் நூலகத்துல மழை லீவுக்கு என்ன விதி வெச்சிருக்காங்கன்னு அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்க. விதி இல்லைன்னா, மேல சொன்ன ரெண்டு வரியை எழுதிக் கொடுத்துட்டு வாங்க. உங்க வீட்டு அலமாரியில நூலகப் புத்தகம் ஏதாவது தூங்கிட்டிருந்தா, அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. யாரோ ஒருத்தர் அதுக்காகக் காத்திருக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.